ஒட்டோ கியரும் காசில்லாத பெடியளும்

எங்கள் கூட்டத்தில் ஒருவன் போன வருசம் கார் வாங்கினான். இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, ஜப்பானில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். எங்களில் பாதிப்பேரை விட அதற்கு வயது கூட. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்கள் எந்த விலைக்குப் போயின என்று இலங்கையில் எல்லாருக்கும் தெரியும். அந்த விலையிலும் அவன் வாங்கினதற்கு ஒரே காரணம்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்தக் காரின் படத்தைக் கொப்பி மட்டையில் ஒட்டி வைத்திருந்தான்.

கார் வந்த அன்று பின்னேரம் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். உள்ளே எட்டிப் பார்த்த ஒருவன் சிரித்தான். "என்ன மச்சான், ஒட்டோவோ? இது பொம்பிளையள் ஓடுற கியர் எல்லோ!" நாங்களும் சிரித்தோம். வாங்கினவனும் சிரித்தான், ஆனால் முகம் கொஞ்சம் வாடிப்போனது. பிறகு அவன் கேட்டது இதுதான்: "என்னட்டை இப்ப ஒண்டரை லட்சம் இருக்கு. அதை வச்சு இந்தக் காரை எப்பிடி நல்லா ஓட வைக்கலாம்?"

அன்றிலிருந்து பல வாரம் இதே கதைதான். ஒருவன் சைலன்சரை மாற்றச் சொன்னான். இன்னொருவன் ஒட்டோ கியரைக் கழற்றி எறிந்துவிட்டு மனுவல் போடச் சொன்னான். மற்றவன் டர்போ என்றான், அதன் விலை தெரியாமல். நாங்கள் நாலு பேர் மட்டும், இதே கேள்வியை இதற்கு முதல் யார் கேட்டிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினோம். பழைய கார், கொஞ்சக் காசு, நிறைய ஆசை. இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைப் படிக்கப் படிக்க, அன்றைக்குச் சிரித்ததை நினைத்து எங்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஒட்டோவாகவே பிறந்த கார்

1953 ஜனவரி. நியூயோர்க்கின் வோல்டோர்ஃப் அஸ்ரோரியா ஹோட்டலில் ஜெனரல் மோட்டோர்ஸ் நடத்திய கண்காட்சியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. உடல் முழுக்கக் கண்ணாடி நார். பெயர் செவ்ரோலெற் கோர்வெற். அந்த வருசம் மிச்சிகனில் உள்ள ஃபிளின்ற் நகரில் கையால் செய்வது போல 300 கார்கள் செய்தார்கள். எல்லாமே வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு. இன்றைக்கு உலகத்தில் ஸ்போர்ட்ஸ் கார் பற்றிக் கதைக்கிற எவரும் கோர்வெற்றை விட்டுவிட்டுக் கதைக்க ஏலாது.

ஆனால் அந்த முதல் 300 கார்களிலும் ஒன்றுகூட மனுவல் இல்லை. எல்லாமே 'பவர்கிளைட்' என்ற ஒட்டோமற்றிக் கியர். அதுவும் முன்னோக்கிப் போக இரண்டே இரண்டு கியர். எஞ்சினும் புதிதில்லை. குடும்பக் காரில் இருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு மூன்று கார்பரேற்றரைப் பூட்டி 150 குதிரைவலு எடுத்தார்கள். நின்ற நிலையில் இருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொடச் சுமார் 11 வினாடி எடுத்தது. விலை 3,498 டொலர்.

ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களோடு பழகியவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். கிளச் மிதிக்காமல், கியர் மாற்றாமல் என்ன ஸ்போர்ட்ஸ் கார்? 1954இல் 3,640 கார்கள் செய்தார்கள். வருச முடிவில் மூன்றில் ஒரு பங்கு அளவு விற்காமல் கிடந்தது. 1955இல் ஃபோர்ட் கொம்பனி தண்டர்பேர்ட்டை இறக்கி 16,000க்கு மேல் விற்றது. அதே வருசம் கோர்வெற் செய்தது வெறும் 700. அந்தக் காரின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று தெரிய வேண்டுமானால், டெற்றொயிற்றை விட்டுவிட்டு முப்பதுகளின் கலிபோர்னியாவுக்குப் போகவேணும்.

உப்புப் படிந்த ஏரியில் ஒரு பள்ளிக்கூடம்

1932இல், உலகப் பொருளாதாரமே விழுந்து கிடந்த நேரத்தில், ஹென்றி ஃபோர்ட் சாதாரண ஆட்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் எஞ்சின் போட்ட காரைக் கொண்டுவந்தார். 221 கன அங்குலம், அதாவது 3.6 லீற்றர். 65 குதிரைவலு. சில வருசத்தில் அந்தக் கார்கள் பழசாகி, அடிபட்டு, உடைசல் யாட்டுகளுக்கு வந்து சேர்ந்தன. கையில் காசில்லாத கலிபோர்னியாப் பெடியளுக்கு அது புதையல்.

லொஸ் ஏஞ்சலிசுக்கு வடக்கே பாலைவனத்தில் மியூரொக் என்ற காய்ந்த ஏரி இருக்கிறது. சிமெந்துத் தளம் போல மட்டமான, இறுகிய நிலம். அங்கேதான் பெடியள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் ஓடிப் பார்த்தார்கள். 1937இல் தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் உருவாகி, யார் எவ்வளவு வேகம் போனார்கள் என்று ஒழுங்காக அளக்கத் தொடங்கியது. பிறகு போர் வந்தது. இராணுவம் மியூரொக்கை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு எட்வேர்ட்ஸ் விமானப்படைத் தளம் என்கிறார்களே, அது இந்த இடம்தான். போர் முடிந்து, இயந்திரத்தைக் கையாளப் பழகிய இளைஞர்கள் வீட்டுக்குத் திரும்பியதும் இந்தக் கலை மறுபடி பெருகியது. இப்படித் திருத்திய கார்களுக்கு 'ஹொட் ரொட்' என்று பெயர். 1948 ஜனவரியில் அதே பெயரில் ஒரு சஞ்சிகையும் வந்தது.

இந்தப் பெடியள் முதலில் என்ன செய்தார்கள்? நாங்கள் நினைத்தது, எஞ்சினைப் பெரிதாக்கினார்கள் என்று. அதற்கு முன்னரே அவர்கள் செய்த வேலை காசே இல்லாத வேலை. வேண்டாததைக் கழற்றினார்கள். மட்காட், முன் கண்ணாடி, பம்பர், என்னென்ன கழற்ற ஏலுமோ அவ்வளவும். அதே 65 குதிரை, ஆனால் இழுக்க வேண்டிய பாரம் குறைவு.

அடுத்தது பிறேக். 1938 வரை ஃபோர்ட் கார்களில் கம்பியும் தண்டும் இழுத்து வேலை செய்யும் பிறேக்தான் இருந்தது. 1939இல்தான் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிறேக் வந்தது. பெடியள் உடைசல் யாட்டில் 1939, 1940 கார்களைத் தேடிப் பிடித்து, அந்தப் பிறேக்கைக் கழற்றி 1932 காருக்குப் பூட்டினார்கள். பழைய காசில்லாத காரில் அந்தக் காலத்தில் மிகப் பரவலாக நடந்த திருத்தங்களில் இதுவும் ஒன்று.

மூன்றாவது சூடு. அந்த ஃபோர்ட் எஞ்சினில் புகை வெளியேறும் வழி, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்கு நடுவே போகும். அதனால் இலகுவில் கொதிக்கும். வலுவைக் கூட்டினால் சூடும் கூடும். சூட்டைச் சமாளிக்கத் தெரியாதவன் எஞ்சினைக் கொன்றான்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் இரட்டைக் கார்பரேற்றர், புதிய கம் தண்டு, மேர்க்குரிக் காரில் இருந்து கழற்றிய பெரிய எஞ்சின் என்று போனார்கள். விக் எடெல்புரொக் என்ற மெக்கானிக், தன் காருக்காக ஒரு புதிய காற்றுக் குழாய் அமைப்பைச் செய்தார். மற்றப் பெடியளும் கேட்டார்கள், அவர்களுக்கும் செய்து விற்றார். இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பாகக் கொம்பனி அப்படித்தான் தொடங்கியது.

வீதியில் செத்தவர்கள்

இதை இனிப்பான கதையாக மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். எல்லாரும் ஏரிக்குப் போகவில்லை. பலர் ஊர் வீதியிலேயே பந்தயம் ஓடினார்கள். செத்தார்கள், மற்றவர்களையும் கொன்றார்கள். பத்திரிகைகளில் 'ஹொட் ரொட்' என்றால் குற்றவாளி என்ற மாதிரி ஆகியது.

1951இல் ஹொட் ரொட் சஞ்சிகையின் ஆசிரியர் வொலி பார்க்ஸ் தேசிய ஹொட் ரொட் சங்கத்தைத் தொடக்கினார். நோக்கம் ஒன்றுதான்: பெடியளை வீதியில் இருந்து எடுத்து, மூடிய தடத்தில், விதிகளோடு ஓட விடுவது. 1953இல் பொமோனா என்ற ஊரில், கண்காட்சித் திடலின் வாகனத் தரிப்பிடத்தில், பொலிசின் ஒத்துழைப்போடு முதல் போட்டி நடந்தது. ஓட முதல் ஒவ்வொரு காரையும் சோதித்தார்கள். பிறேக் சரியில்லையா? திரும்பிப் போ.

எங்கள் ஊர்களில் இரவில் வெறும் வீதியில் மோட்டார் சைக்கிள் முறுக்குகிற சத்தம் கேட்கும்போதும், அடுத்த கிழமை மதிலில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருக்கும்போதும் இந்த 1951 எங்களுக்கு ஞாபகம் வருகிறது. அங்கேயும் பெடியளைத் திட்டித் திருத்த முடியவில்லை. ஒரு இடமும் ஒரு விதியும் கொடுத்துத்தான் ஓரளவு திருத்தினார்கள்.

ஒரு அகதி எழுதிய குறிப்பு

இப்ப மறுபடி கோர்வெற்றுக்கு வருவம்.

1953 கண்காட்சியில் அந்த வெள்ளைக் காரைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் சோரா ஆர்க்கஸ்-டன்டோவ். ரஷ்ய யூதப் பெற்றோருக்கு 1909இல் பிரசெல்சில் பிறந்து, லெனின்கிராட்டில் வளர்ந்து, பேர்லினில் பொறியியல் படித்தவர். நாசிகள் பிரான்சைப் பிடித்தபோது தப்பி அமெரிக்காவுக்கு வந்த அகதி. நியூயோர்க்கில் தன் சகோதரனோடு சேர்ந்து ஒரு பட்டறை நடத்தியவர். அங்கே அவர் செய்த பொருட்களில் ஒன்று, பழைய ஃபோர்ட் எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு வலுக்கூட்டும் மேல்மூடி. அதாவது, ஹொட் ரொட் பெடியளைத் தன் வாடிக்கையாளராக அறிந்த ஆள்.

கார் அழகு, ஆனால் உள்ளே சரக்கில்லை என்று அவருக்கு விளங்கியது. செவ்ரோலெற்றுக்குக் கடிதம் எழுதி, 1953 மேயில் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்ததும் அவர் முதலில் கையை வைத்தது எஞ்சினில் இல்லை. வளைவில் அந்தக் காரின் முன்பக்கம் ஒன்று சொல்ல, பின்பக்கம் வேறொன்று சொன்னது. இரண்டையும் ஒத்துப்போக வைப்பதுதான் அவருடைய முதல் வேலையாக இருந்தது.

அந்த டிசம்பரில் அவர் தன் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். இளைஞர்கள், ஹொட் ரொட்காரர்கள், செவ்ரோலெற் பற்றிய எண்ணங்கள் என்பது அதன் தலைப்பு. அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஹொட் ரொட் சஞ்சிகைகளைத் திறந்தால் முதலில் இருந்து கடைசி வரை ஃபோர்ட்தான். இந்தப் பெடியள் சின்ன வயதில் எதைத் திருத்திப் பழகுகிறார்களோ அதோடுதான் நிற்பார்கள். செவ்ரோலெற்றின் புதிய எஞ்சின் நல்லதாக இருந்தாலும், ஃபோர்ட்டைச் சுற்றி இருபது வருசமாகச் சேர்ந்த அறிவும் பாகங்களும் அதற்கு இல்லை. ஆகவே கொம்பனியே வலுக்கூட்டும் பாகங்களைத் தயாராக்கி அவர்களுக்கு இலகுவாகக் கிடைக்கச் செய்யவேணும்.

1955இல் 265 கன அங்குல எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்தது. கோர்வெற்றில் அது 195 குதிரைவலு. அந்த வருசக் கடைசியில் மூன்று கியர் மனுவலும் கிடைத்தது. 1956 ஜனவரியில் டேற்றோனா கடற்கரை மணலில் டன்டோவே தான் வடிவமைத்த கம் தண்டு போட்ட கோர்வெற்றை மணிக்கு 150 மைலுக்கு ஓட்டினார். 1957இல் எரிபொருளைப் பீச்சும் அமைப்போடு 283 கன அங்குலத்தில் 283 குதிரைவலு வந்தது. அந்த எஞ்சின் குடும்பம்தான் பிறகு உலகத்தின் உடைசல் யாட்டுகளையே நிரப்பியது. 2011இல் அதன் பத்துக் கோடியாவது எஞ்சினைச் செய்தார்கள்.

இதில் எங்களுக்குப் பட்டது ஒன்று. வேகத்தைப் பெரிய கொம்பனி கண்டுபிடித்து ஏழைப் பெடியளுக்குக் கொடுக்கவில்லை. பெடியள் உடைசலில் கற்றதை, அவர்களுக்கு ஒரு காலத்தில் சாமான் விற்ற ஒரு அகதி வந்து கொம்பனிக்குச் சொல்லிக் கொடுத்தார்.

சிரித்த கியர் வென்ற கதை

அப்ப அந்த இரண்டு கியர் ஒட்டோ என்ன ஆனது?

அது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்பம். இரண்டு மேசை ஃபானை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். அதன் காற்றில் மற்றதும் சுற்றும். ஒட்டோ கியருக்கு முன்னால் இருக்கும் டோர்க் கொன்வேட்டரும் இதுதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். நடுவில் மூன்றாவதாக ஒரு சின்ன இறக்கைத் தட்டு, திரும்பி வரும் எண்ணெயை மறுபடி சரியான திசைக்குத் தள்ளும். அதனால் கார் நகரத் தொடங்கும் நேரத்தில் எஞ்சினின் முறுக்கு விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பவர்கிளைட்டின் முதல் கியர் விகிதம் 1.82. அதையும் இதையும் பெருக்கிப் பாருங்கள். இரண்டு கியர் போதுமாக இருந்ததன் இரகசியம் அதுதான்.

இதன் எதிரி சூடு. இரண்டு ஃபானுக்கும் இடையில் வழுக்கும் ஒவ்வொரு சுற்றும் எண்ணெயைச் சூடாக்கும். 1950இல் வந்த முதல் பவர்கிளைட், ஓட்டும் நிலையில் இரண்டாம் கியரிலேயே புறப்படும். பொறுமை இல்லாத ஓட்டுநர்கள் கையால் தாழ்ந்த கியரில் போட்டுப் புறப்பட்டு, வேகம் எடுத்ததும் மேலே தட்டினார்கள். கியர் தேய்ந்தது. 1953இல் கொம்பனி அந்த மாற்றத்தைத் தானாகவே நடக்கும்படி செய்தது.

இதே காலத்தில் கலிபோர்னியாவில் சில மெக்கானிக்குகள் வேறு மாதிரி யோசித்தார்கள். ஜெனரல் மோட்டோர்சின் இன்னொரு ஒட்டோவான ஹைட்ரா-மற்றிக் 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபீலில் வந்தது. போர்க் காலத்தில் அதை அமெரிக்க இலகு டாங்கிகளிலேயே பூட்டினார்கள். டாங்கியை இழுக்கிற சாமான், பந்தயக் காரை இழுக்காதா? 1953இல் தொடங்கிய பி அண்ட் எம் போன்ற பட்டறைகள் அதைத் திறந்து, உள்ளே வால்வுகளையும் அழுத்தத்தையும் மாற்றி, ஐம்பதுகளின் பிற்பகுதியில் பந்தய ஒட்டோ கியர் செய்தன. கியர் மாறும்போது வழுக்காமல் சட்டென்று பிடிக்கும். வழுக்கல் குறைந்தால் சூடும் குறையும். பிறகு அதையே சின்னப் பெட்டியில் போட்டு வீட்டிலேயே பூட்டக்கூடிய சாமானாக விற்றார்கள்.

பெரிய பந்தயத்திலும் ஒட்டோ வந்தது. ரெக்சாசைச் சேர்ந்த ஜிம் ஹோலின் சப்பரால் கார்களில் டோர்க் கொன்வேட்டர் இருந்தது, கிளச் பெடல் இல்லை. 1965இல் செப்ரிங் 12 மணித்தியாலப் பந்தயத்தில், தடமே வெள்ளக்காடான மழையில், ஜிம் ஹோலும் ஹாப் ஷார்ப்பும் அந்தக் காரில் ஃபோர்ட்டையும் ஃபெராரியையும் வென்றார்கள். அடுத்த வருசம் வந்த சப்பரால் 2ஈ காரில், சும்மா இருந்த இடது காலுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். காரின் பின்னால் உயரத்தில் நின்ற இறக்கையின் கோணத்தை அந்தக் காலால் மாற்றலாம். சப்பரால் காசில்லாதவரின் கதை இல்லை, பின்னால் ஜெனரல் மோட்டோர்சின் உதவி இருந்தது. ஆனாலும் கிளச் மிதிக்காதவன் ஓட்டுநரே இல்லை என்ற கதை அங்கே முடிந்தது.

காசில்லாதவரின் வெற்றி வேறு இடத்தில் வந்தது. எழுபதுகளில் அமெரிக்காவில் ஒரு புதிய வகைப் பந்தயம் பரவியது. நேர்த் தடத்தில் என் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று நானே முதலில் எழுதிக் கொடுப்பேன். நீங்களும் கொடுப்பீர்கள். மெதுவான காரை அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முதலில் விடுவார்கள். சொன்ன நேரத்தை விடக் குறைவாக ஓடினாலும் தோல்விதான். அங்கே காசைக் கொட்டின கார் வெல்ல வேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடும் காரும், தன் காரை நன்றாகத் தெரிந்த ஓட்டுநரும் வெல்வார்கள். இந்தப் பந்தயத்துக்குப் பவர்கிளைட் அளவாக அமைந்தது. பாகங்கள் குறைவு, தானே குடிக்கும் வலுவும் குறைவு, கியர் தவறாது, புறப்படும் அடியில் அச்சை முறிக்காது. கொம்பனி அதைச் செய்வதை 1973இல் நிறுத்திவிட்டது. பந்தயக்காரர்கள் இன்றைக்கும் நிறுத்தவில்லை.

அப்ப ஒண்டரை லட்சத்தை என்ன செய்யிறது?

இவ்வளவையும் வாசித்த பிறகு நண்பனுக்கு நாங்கள் ஒரு ஒழுங்கு எழுதிக் கொடுத்தோம். எங்கள் சொந்த மூளை இல்லை, மேலே சொன்ன பெடியளின் மூளை.

முதலில் கியர் ஓயிலைப் பார். சிவப்பாக, தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்து, கருகின மணம் வந்தால் வேறு எதிலும் காசு போடாதே, முதலில் ஒட்டோ கியர் தெரிந்த மெக்கானிக்கிடம் போ. ஓயில் மாற்றுவதானால் அந்தக் கியருக்கு என்று சொன்ன வகை மட்டும். பழைய கியருக்கு மெசினால் அழுத்திக் கழுவுவதை விட, கொஞ்சம் வடித்துக் கொஞ்சம் விட்டு, இரண்டு மூன்று தடவையில் புதுப்பிப்பது பாதுகாப்பு. கையில் மிச்சம் இருந்தால் கியர் ஓயிலுக்கு ஒரு தனிக் கூலர் பூட்டு. ஒட்டோ கியருக்கு ஆயுள் தருவதில் அதை விட மலிவான சாமான் இல்லை.

இரண்டாவது பிறேக்கும் ரயரும். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் காரை 85இல் ஓட்டினால், நிறுத்த வேண்டிய சக்தி இரண்டு மடங்கு. வேகம் கூடுவது ஒன்றரை மடங்குகூட இல்லை, ஆனால் பிறேக்குக்கு வேலை இரட்டிப்பு. பத்து வருசப் பழைய, வெடித்த ரயரில் இருநூறு குதிரை இருந்து என்ன பலன்?

மூன்றாவது, இழந்ததை மீட்டெடு. பழைய எஞ்சின் புதிதில் தந்த வலுவை இப்போது தராது. பிளக், காற்று வடி, அழுக்கடைந்த திரொட்டில், காற்றுக் கசியும் இறப்பர்க் குழாய். இவற்றைச் சரிசெய்வது திருத்தம் மாதிரித் தெரியாது, ஆனால் புதிய சைலன்சரை விட அதிக வலு இதில்தான் திரும்பும். எஞ்சின் அறைக்குள் திறந்தபடி பூட்டுகிற கூம்பு வடி பெரும்பாலும் சூடான காற்றைத்தான் இழுக்கும். சத்தம் கூடும், வேகம் கூடாது.

நான்காவது பாரம். டிக்கியில் கிடக்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்று. காசு செலவில்லை, விற்றால் வரவு.

இதற்குப் பிறகும் ஆசையும் காசும் இருந்தால்தான் கியர் மாற்றத்தை இறுக்கும் வால்வுச் சாமான், கொஞ்சம் கூடிய சுற்றில் பிடிக்கும் கொன்வேட்டர், கடைசி விகிதம் மாற்றுவது எல்லாம். அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டியவை. ஒன்றை மட்டும் போட்டால் மற்றது சாகும்.

இது எங்களுக்குத் தெரியாத பாடமா?

இதை எழுதி முடித்து எங்களில் ஒருவனின் மாமாவுக்குக் காட்டினோம். யாழ்ப்பாணத்தில் பல வருசம் கராஜ் வேலை பார்த்தவர். வாசித்துவிட்டு, "இதைப் படிக்க அமெரிக்காவுக்கே போனியள்?" என்று கேட்டார்.

அவர் சொன்னது தொண்ணூறுகளின் கதை. பொருளாதாரத் தடையில் பெற்றோல் மருந்து மாதிரி. ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. ஆகவே சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலை நாலு சொட்டு கார்பரேற்றருக்குள் விட்டு, எஞ்சினைப் பிடிக்க வைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தக் கார்கள் தாங்கினதற்குக் காரணம் அவற்றின் எஞ்சினில் அமுக்கம் குறைவு. புதிய எஞ்சினாக இருந்திருந்தால் தட்டித் தட்டியே உடைந்திருக்கும். வேகத்துக்காகச் செய்த வேலை இல்லை அது. ஆசுப்பத்திரிக்குப் போக, பிள்ளைப்பேற்றுக்குப் போக, இடம்பெயர. ஆனால் அறிவு அதே அறிவு: கையில் உள்ள எஞ்சின் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று சரியாகத் தெரிந்து வைத்திருப்பது.

கலிபோர்னியாப் பெடியளின் அறிவை ஒரு சஞ்சிகை பதிவு செய்தது, ஒரு சங்கம் விதியாக்கியது, ஒரு பொறியியலாளர் கொம்பனிக்குச் சொன்னார். எங்கள் மாமாமாரின் அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கைகளுக்கு இப்போது வயது போகிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். ஒரு பின்னேரம் போய் இருந்து, ரெக்கோடரைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். மண்ணெண்ணெய்க்காக எதை எதை மாற்றினீர்கள், எது உடைந்தது, எது தாங்கியது என்று.

நண்பனின் காசில் முக்கால்வாசி ரயருக்கும் பிறேக்குக்கும் போனது. மிச்சம் ஓயிலுக்கும் கூலருக்கும். ஒரு குதிரைவலு கூடக் கூடவில்லை. ஆனாலும் போன கிழமை அவன் எங்களை ஏற்றிக்கொண்டு சாவகச்சேரி வரை போய் வந்தபோது, கார் வேறு கார் போல இருந்தது. கியர் தட்டாமல் மாறியது, பிறேக் மிதித்த இடத்தில் நின்றது. அன்றைக்குச் சிரித்தவன்தான் வரும்போது கேட்டான்: "மச்சான், திரும்பிப் போகேக்க நான் கொஞ்சம் ஓடட்டோ?"